ஜெபத்தில் கேட்டதைப் பேசுவதில்லை

எங்கள் வீட்டில் முக்கியமான விஷயங்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசப்பட்டன. கண்ணைத் திறந்துகொண்டு பேசியது சோறு, குழம்பு, துவைக்கப் போட வேண்டிய அங்கி, நாளைக்கு எந்த ஊரில் கல்யாணம், எந்த ஊரில் அடக்கம் என்பது மட்டும்தான்.

அப்பா சபை குரு. மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கம்பும் பருத்தியும் போடுகிற ஏழெட்டு ஊர்களின் சபைகள் அவர் பொறுப்பில் இருந்தன. எழுபதுகளின் கடைசியில் அவருக்கு மாற்றல் கிடைத்து அங்கே போனோம். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்பார்கள். அம்மா ஐயரம்மா. நானும் தம்பியும் ஐயர் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பட்டம் ஒரு பெரிய இம்சை. சத்தமாகச் சிரித்தால் 'ஐயர் வீட்டுப் பிள்ளையா இது' என்பார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் 'ஐயர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறை' என்று விசாரிக்க வந்துவிடுவார்கள்.

அப்பா நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவதைப் படித்தால் உங்களுக்கு அவர் மேல் கோபம் வரும். எனக்கு நாற்பது வருடமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அவர் நல்லவர்தான். அந்தக் காலத்தில் ஊழியக்காரர்களின் வீடுகள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். கோயிலில் தேன் ஒழுகப் பேசிவிட்டு வீட்டில் பெல்ட்டைக் கழற்றுகிறவர்கள் இருந்தார்கள். எங்கள் அப்பா எங்கள் மேல் கை வைத்ததே இல்லை. அம்மாவை 'ஏம்மா' என்றுதான் கூப்பிடுவார். தண்ணீர் சேந்திக் கொடுப்பார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குத் தலை சீவி, கோணலாக ஒரு சடையும் போட்டுவிடுவார். கல்யாண வீட்டில் அவர் இலையில் வைத்த லட்டைச் சாப்பிடாமல் தாளில் மடித்து ஜிப்பாப் பையில் கொண்டுவருவார். எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பையை அம்மா திட்டிக்கொண்டே தேய்ப்பாள். இந்த அன்பில் எந்தக் கலப்படமும் கிடையாது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அதிகமாகிறது. கெட்டவராக இருந்திருந்தால் ஒரே அடியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். பாய் விரித்து நாலு பேரும் முழங்கால் போடுவோம். ஒரு பாட்டு, வேத வாசிப்பு, அதன்பின் சின்னவரிலிருந்து பெரியவர் வரை வரிசையாக ஆளுக்கொரு ஜெபம். முதலில் தம்பி, பிறகு நான், பிறகு அம்மா, கடைசியில் அப்பா முடித்துவைப்பார். வேறு வீடுகளிலும் இது உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு சட்டம் இருந்தது. ஜெபத்தில் ஒருவர் சொன்னதைப் பற்றி மற்றவர் அப்புறம் பேசக்கூடாது. கேட்கக்கூடாது. அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம்.

அப்பா அந்தச் சட்டத்தைச் சும்மா போடவில்லை. அதற்கு முந்தின சபையில் ஒரு பெண் ஜெபக்கூட்டத்தில் தன் மகளைப் பற்றி அழுது ஜெபித்திருக்கிறாள். கூட்டம் கலைவதற்குள் அது ஊர் முழுக்கப் பரவி, அந்த மகளின் கல்யாணம் நின்றுபோனது. அப்பா அதில் மிகவும் நொந்துபோனார். தன் வீட்டிலாவது ஒரு ஆள் பயமில்லாமல் ஆண்டவரிடம் பேச இடம் இருக்க வேண்டும் என்று நினைத்தார். எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "நீங்க ஜெபத்துல என்ன சொன்னாலும் அப்பா அதை வச்சுத் திட்ட மாட்டேன். கேட்டாலும் கேக்காத மாதிரிதான். சரியா?"

எங்களுக்குக் கொண்டாட்டம்தான். தம்பி கணக்கில் பெயிலானதை ஜெபத்தில் சொன்னான். அரிக்கேன் விளக்கின் சிமினியை உடைத்ததைச் சொன்னான். பக்கத்துத் தோட்டத்தில் கொய்யா பறித்ததைச் சொல்லி, கூடவே அது நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னான். அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண்ணை மூடியபடியே அவர் உதடு துடிப்பதை நான் ஒற்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரியும். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் முகம் சுத்தமாகத் துடைத்துவிட்டது போலிருக்கும்.

ஆனால் அந்தச் சட்டத்துக்கு இன்னொரு முனையும் இருந்தது. அடி கிடைக்காதது போலவே, கேட்டதும் கிடைக்காது. நான் ஒரு தடவை பச்சைத் தாவணி வேண்டும் என்று ஜெபித்தேன். தொடர்ந்து ஜெபித்தேன். அப்பா மனப்பூர்வமாக ஆமென் சொன்னார். தாவணி வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் நேராகப் போய், "அப்பா, எனக்குப் பச்சைத் தாவணி வேணும்" என்றேன். அந்த வாரமே மதுரைக்குப் போய் வாங்கிவந்துவிட்டார். "மொதல்லயே சொல்ல வேண்டியதுதானம்மா" என்று வேறு சொன்னார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதற்குப்பின் வேண்டியதை நான் ஆண்டவரிடம் கேட்பதில்லை, அப்பாவிடம்தான் கேட்பேன்.

அம்மாவுக்கு அது வரவில்லை. அம்மா, கிராமத்துச் சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிற ஒரு உபதேசியாரின் மகள். அவள் பிறந்த வீட்டில் ஆண்களிடம் எதையும் கேட்கிற வழக்கம் கிடையாது. ஊழியம் செய்கிற மனுஷனைத் தன் சங்கதிகளுக்காகத் தொந்தரவு செய்வது பாவம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். போதாததற்கு எங்கள் வீட்டு முன்னறையில் எந்நேரமும் யாராவது அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புருஷன் குடிக்கிறான், மாடு செத்துப்போனது, மேலத்தெருக்காரர்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. அப்பா எல்லாருக்கும் காது கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஊர் ஊராக அலைந்துவிட்டு, மண் படிந்த முகத்தோடு வருவார். அந்த முகத்தைப் பார்த்துத் தன் கஷ்டத்தைச் சொல்ல அம்மாவுக்கு மனம் வராது. ஆகவே அவள் அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் ஜெபத்தில் சொன்னாள். "ஆண்டவரே, அடுக்களை ஓட்டைப் பார்த்தருளும், மழைத் தண்ணீர் அடுப்பிலே விழுகிறதே" என்பாள். அப்பா பக்கத்திலேயே முழங்காலில் நின்று, கணீரென்று ஆமென் சொல்வார். அந்த ஐப்பசி முழுக்க நாங்கள் அடுப்பின் மேல் தகரத்தைப் பிடித்துக்கொண்டுதான் சோறு பொங்கினோம்.

இதை எல்லாம் இப்போது சொன்னால் சிரிப்புக்கூட வருகிறது. அப்போதும் நானும் தம்பியும் சிரித்திருக்கிறோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஈஸ்டருக்கு முன்பு நோன்பிருக்கிற ஒரு லெந்து காலத்தில், அம்மாவின் ஜெபத்தில் அந்தக் கட்டி வந்தது. ஜெபம் என்றால் அம்மாவுக்கு வேதத் தமிழ்தான் வரும். "என் சரீரத்திலே, இடது மார்பிலே, நீர் அனுமதித்திருக்கிற இந்தக் கட்டியை நீரே பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே. எனக்குப் பயமாயிருக்கிறது" என்றாள். கடைசி வாக்கியத்தில் குரல் லேசாக உடைந்தது. எனக்குப் பதினாலு வயசு. மார்பு என்ற சொல்லைக் கேட்டதே கூச்சமாக இருந்தது.

அப்பாவின் முறை வந்தது. அவர் அன்றைக்கு வெகுநேரம் ஜெபித்தார். "உம்முடைய அடியாளின் சரீரத்தைத் தொட்டுச் சுகமாக்கும்" என்று சொல்லும்போது அழுதார். பொய் அழுகை இல்லை. பிறகு ஆமென். பிறகு எல்லாரும் கண்ணைத் திறந்தோம்.

"சோறு எடுத்து வைக்கவா?" என்று கேட்டாள் அம்மா.

"வைம்மா" என்றார் அப்பா.

அன்றிலிருந்து தினமும் இது நடந்தது. கட்டி பெரிதாகிறது என்று அம்மா சொன்னாள். அப்பா இரங்கும் என்றார். இரவில் குத்துகிறது என்று சொன்னாள். அப்பா தொடும் என்றார். வெள்ளிக்கிழமைகளில் அவர் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு உபவாசம் இருக்க ஆரம்பித்தார். யாருக்காக என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாயில் முழங்கால் போட்டிருக்கும்போது இரண்டு பேரும் ஒரு ஜாண் தூரத்தில் இருப்பார்கள். அம்மா சொல்வாள், அப்பா பதில் சொல்வார். இரண்டும் நடுவில் ஆண்டவர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தன. ஆமென்னுக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்காதவர்களாகிவிடுவோம்.

அம்மா ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்திருக்க வேண்டும். இதை நான் பிற்பாடுதான் நினைத்துப் பார்த்தேன். சோறு பரிமாறும்போது அவள் அப்பாவின் எதிரில் கொஞ்சம் அதிகமாகவே நிற்பாள். குழம்பு ஊற்றிவிட்டு, கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள். அப்பா நிமிர்ந்து பார்த்து, "நீயும் உக்காந்து சாப்பிடும்மா" என்பார். மனைவி நின்று பரிமாறுவது அவருக்குப் பிடிக்காது. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்த அன்பான சட்டங்களில் ஒன்று.

அந்த வருடம் மதுரையில் போதகர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. ஊழியக்காரன் தன் வீட்டை அன்பாக நடத்துவது எப்படி என்று பேச அப்பாவைத்தான் அழைத்தார்கள். அப்பா எங்கள் குடும்ப ஜெபத்தைப் பற்றியும் அந்தச் சட்டத்தைப் பற்றியும் பேசியிருக்கிறார். எல்லாருக்கும் அது மிகவும் பிடித்துப்போனது. 'ஐயரே, உங்கள் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும்' என்று சொல்லி, புதிதாக ஊழியத்துக்கு வந்த இளம் போதகர்கள் மூன்று பேர் மனைவிமாரோடு அறுப்பின் பண்டிகைச் சமயத்தில் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். ஒரு வாரத்துக்கு மேல் இருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் அம்மாதான் பொங்கிப்போட்டாள்.

சாயங்காலம் அவர்களும் எங்களோடு முழங்காலில் நின்றார்கள். அம்மா அந்த நாட்களில் சுருக்கமாக ஜெபித்தாள். பண்டிகைக்காக, மழைக்காக, பிள்ளைகளுக்காக. கட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் இலை கழுவும்போது, "ஏம்மா, இப்பல்லாம் நீங்க அதுக்கு ஜெபிக்கிறதில்ல?" என்று கேட்டுவிட்டேன். சட்டப்படி நான் அதைக் கேட்கக்கூடாது.

"அந்நிய ஆம்பளைக இருக்கையில அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமாடி? போ, இலையக் கழுவு" என்றாள்.

அவள் சொல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான், வெட்கம். அப்பா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

விருந்தாளிகள் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், அப்பா முடிவு ஜெபம் செய்தார். நன்றாக நினைவிருக்கிறது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "உம்முடைய அடியாள் பல மாதங்களாய் உம்மிடத்தில் வைத்த விண்ணப்பத்தை இந்த நாட்களில் அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்கவில்லை. நீர் அவளுக்குச் சுகம் தந்தீர் என்று அறிந்துகொண்டோம். உமக்கு ஸ்தோத்திரம்" என்றார். போதகர்கள் மூன்று பேரும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முழங்கினார்கள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா இரண்டு கண்ணையும் திறந்திருந்தாள். அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்த முகத்தோடு இருந்தார். எல்லாரும் ஆமென் சொல்லி முடித்து, ஒரு போதகரின் மனைவி கட்டிப்பிடித்துக்கொண்ட பிறகுதான் அம்மாவின் வாயிலிருந்து ஆமென் வந்தது.

வெளியாட்கள் முன்னால் புருஷன் ஆண்டவருக்கு நன்றி சொன்ன பிறகு, இல்லை, கட்டி அப்படியேதான் இருக்கிறது என்று எந்த ஐயரம்மா சொல்வாள்? சொன்னால் புருஷனின் ஜெபத்தைப் பொய்யாக்கியது போல ஆகும். ஆண்டவரையே பொய்யாக்கியது போல ஆகும். அம்மா சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. எனக்கு ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. பெரியவர்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள் என்றால் சரியாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் செய்தி போதகர்களோடு ஊர் ஊராகப் போனது. ஐயரம்மாவுக்குப் பெரிய சுகம் கிடைத்திருக்கிறதாம் என்று பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வயிற்று வலிக்காரி, பிள்ளையில்லாதவள், பேச்சு வராத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. "எம்புட்டுத் தூரத்துல இருந்து வாரேன் தெரியுமாம்மா, ஒரு தடவ கைய வச்சு ஜெபிங்க" என்று காலடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அம்மா கை வைத்து ஜெபித்தாள். வலது கையைத்தான் வைப்பாள். இடது கையை அதற்குள் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போயிருந்தது.

பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் எங்கள் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனது. அப்பாவின் வெள்ளை அங்கியைத் துவைக்க அம்மாவும் நானும் பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டுக்குப் போனோம். அந்தத் தோட்டக்காரக் குடும்பத்து அக்காள் அங்கே குளித்துக்கொண்டிருந்தாள். நல்ல வாட்டசாட்டமான ஆள். கோயிலுக்கும் அவளுக்கும் சம்பந்தம் கிடையாது, ஆனால் எங்கள் வீட்டுக்குப் பால் அவள்தான் ஊற்றுவாள். நனைந்த அங்கியை அம்மாவால் முறுக்கிப் பிழிய முடியவில்லை. இரண்டு தடவை கை நழுவி அங்கி மண்ணில் விழுந்தது. அக்காள் வந்து வாங்கிப் பிழிந்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை வீங்கியிருந்தது. "எங்க, காமிங்க" என்று சொல்லி, அம்மா தடுக்கத் தடுக்க முந்தானையை விலக்கினாள். பார்த்ததும் அவள் ஈரச் சேலையோடு நேரே எங்கள் வீட்டுக்கு நடந்தாள்.

அப்பா முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க வீட்டம்மாவுக்கு நெஞ்சுல கட்டி பொறப்பட்டுப் புண்ணா இருக்கே, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அப்பா எழுந்து நின்றார். "அது சொகமாயிருச்சேம்மா" என்றார்.

"எவன் சொன்னான் சொகமாயிருச்சுன்னு? நீங்க பாத்தீங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாசற்படியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டியை அவர் பார்க்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் முழங்கால் போட்டுக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வருடமாக அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். ஆரப்பாளையத்தில் இறங்கியதும் அப்பா ரிக்‌ஷா பிடித்தார். அம்மாவின் தோளில் குலுங்காமல் இருக்க ஒரு தலையணையை வைத்து, வழி முழுக்கப் பிடித்துக்கொண்டே வந்தார். பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அம்மாவைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தார். வெளியே வந்து கை கழுவிவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"எப்ப இருந்து இருக்கு?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "போன லெந்து காலத்துல இருந்து" என்றார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "மார்ச்சு மாசம்" என்று அப்பா விளக்கினார்.

"போன மார்ச்சா? அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? படிச்சவராத் தெரியிறீங்களே."

அப்பா திரையைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "எங்கிட்டச் சொல்லலைங்க. ஆண்டவர்கிட்டச் சொன்னா" என்றார்.

டாக்டரம்மா சீட்டு எழுத உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் அம்மா ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியாமல் சிரமப்படுகிற சத்தம் கேட்டது. நான் உள்ளே போய் மாட்டிவிட்டேன். அப்பா சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

அறுப்பதற்கு நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். கரண்டு வைத்தார்கள்; கதிர் வைத்தியத்தை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். தோல் கருகி உரிந்தது. அம்மாவுக்கு எதுவும் இறங்கவில்லை. அப்பா ஊழியத்துக்கு லீவு போட்டுவிட்டு வார்டிலேயே கிடந்தார். கஞ்சி ஊட்டினார், புண் துடைத்தார், பெட்பேன் எடுத்தார். பக்கத்துக் கட்டில் பெண்கள் எல்லாம், 'புருஷன்னா இவருல்ல புருஷன்' என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கத்த வேண்டும் போலிருக்கும். இவ்வளவு அன்பையும் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று அவர் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் போலிருக்கும். ஆனால் அவர் எங்கேயும் வைத்திருக்கவில்லை. அது எங்கள் நடுவிலேயேதான் இருந்தது. இருந்தும் அம்மாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போனது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆடிக் காற்று எங்கள் பக்கத்தில் மண்ணை வாரி அடிக்கிற நாட்களில் அம்மா போய்விட்டாள். அடக்க ஆராதனையில் ஒரு பெரிய ஐயர், அன்பினால் கட்டப்பட்ட வீடு என்று எங்கள் வீட்டைப் பற்றிப் பேசினார். வந்திருந்த பெண்களில் பாதிப்பேர் அம்மாவின் கையால் ஜெபம் செய்துகொண்டவர்கள். சுகம் கிடைத்த ஐயரம்மா எப்படிச் செத்தாள் என்று அவர்களுக்குள் குசுகுசுப்பு. 'விசுவாசம் கொறஞ்சிருக்கும்' என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. நான் அவளை அடிக்கப் போனேன். தம்பிதான் இழுத்துப் பிடித்தான்.

அதற்குப்பின் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டு ஜெபித்ததில்லை. பாய் விரிப்போம். முழங்கால் போடுவோம். பேசாமல் எழுந்துவிடுவோம். அப்பா ஓய்வு பெற்று, ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்து, முதுமையில் இறக்கும்வரை அப்படித்தான். கடைசிவரை யாராவது வந்து குடும்பத்தை நடத்துவது பற்றிப் புத்தி கேட்டால், எழுந்து உள்ளே போய்விடுவார்.

நான் அவரை விட்டு விலகாமல் இருந்ததற்கும், முழுதாக மன்னிக்க முடியாமல் போனதற்கும் காரணம் ஒன்றுதான். அம்மா இறப்பதற்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் வார்டில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை நான் கூடவே இருந்து கேட்டேன்.

அப்பா கட்டில் பக்கத்தில் ஜெபிக்க முழங்கால் போட்டார். கண்ணை மூடினார். அம்மா வலது கையை நீட்டி அவர் தலையைத் தொட்டாள்.

"இன்னைக்கு வேணாங்க. கண்ணத் தொறங்க" என்றாள்.

அப்பா திறந்தார்.

"எங்கூடப் பேசுங்க."

"என்ன பேசணும்மா?"

"என்னமாச்சும் கேளுங்க."

அப்பா திணறினார். சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நூறு பேருக்காவது ஆறுதல் சொன்ன மனுஷன். "வலிக்குதாம்மா?" என்றார்.

"வலிக்குது. ரொம்ப வலிக்குதுங்க."

"எங்க?"

அம்மா காட்டினாள். முந்தானையை அவளே விலக்கிக் காட்டினாள். அப்பா பார்த்தார். பார்வையை எடுக்காமல் பார்த்தார். அவர் முகம் கோணிக்கொண்டு போனது.

"நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கெஞ்சினார்.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற தெம்பும் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"ஆண்டவருக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா? நான் உங்களுக்குத்தாங்க தெனமும் சொன்னேன்."

அப்பா முழங்காலில் நின்றபடியே இருந்தார். அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் தண்ணீர் கேட்டாள்.